கை போன இடம்

கருவி தொடுவதற்கு முன்பே குடல் ஒதுங்கிக்கொண்டது.

டாக்டர் சபாபதி அதைத் திரையில் பார்த்தார். நம்ப முடியாமல், நீளமான இடுக்கியின் நுனியைப் பின்னுக்கு இழுத்து, மறுபடியும் மெதுவாக முன்னால் செலுத்தினார். மறுபடியும் அதேதான். நுனிக்கும் குடலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கும்போதே, ஈரத்தில் மினுங்கிய அந்த வெளிர்சிவப்புச் சுருள், பஸ்ஸில் இறங்குகிறவருக்கு வழிவிடும் ஆளைப் போல இடது பக்கமாக நகர்ந்து நின்றது. குடல் அசையும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அலை அலையாகத் தன்பாட்டுக்கு அசைந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் அதற்குக் கண் கிடையாது. வருவது யார் என்று பார்த்து ஒதுங்கத் தெரியாது.

ஆபரேஷன் தியேட்டர் விளக்குகளை எல்லாம் அணைத்திருந்தார்கள். வெளியே கடலூர் வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே இரண்டு திரைகளின் சாம்பல்நீல வெளிச்சம் மட்டும் முகமூடிகளின் மேல் படிந்திருந்தது. வயிற்றை உப்பவைக்கும் கேஸ் இயந்திரம் உஸ்ஸென்று ஊதும், நிற்கும், மறுபடி ஊதும். நடுவில் மயக்க இயந்திரம் நோயாளிக்காக மூச்சு விடும். இரண்டும் ஏதோ பேசிக்கொள்வதைப் போல இருந்தது. சுட்ட கொழுப்பின் வாடை முகமூடிக்குள் புகுந்து நாக்கின் அடியில் தங்கிவிட்டது. மேஜையில் படுத்திருந்தவர் தேவனாம்பட்டினத்துப் படகுக்காரர் சிங்காரம். பெருங்குடலின் கடைசி வளைவில் கட்டி. துளை போட்டுக் கேமரா வழியாகச் சபாபதி செய்யும் முதல் குடல் ஆபரேஷன் அது.

இத்தனை வருஷமாக அவர் வயிற்றைத் திறந்துதான் வேலை செய்தவர். நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கித் தொப்புளைத் தாண்டி ஒரே கோடு. பிறகு இரண்டு கையும் உள்ளே. ஸ்கேனில் தெரியாததை அவர் விரல் கண்டுபிடித்துவிடும் என்று பேர். கைராசிக்காரர் என்றுதான் கடலூர் முழுக்கச் சொல்வார்கள். அந்தப் பேர் எப்போது தேய ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. "ஓட்டை போட்டுப் பண்ணுவீங்களா சார்?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பி, நேராகப் பாண்டிச்சேரி பஸ் ஏறிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர் ஸ்ரீதர், சபாபதியின் மனைவிக்குத் தம்பி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "மெஷின் வாங்கிப் போட்டாச்சு மாமா. ஒண்ணு நீங்க கத்துக்கங்க. இல்லன்னா சீழ்க்கட்டி, ஹெர்னியான்னு பாத்துக்கிட்டு இருங்க. பெரிய கேஸுக்கெல்லாம் பாண்டிச்சேரியிலேர்ந்து ஒரு பையனக் கூப்டுக்கறேன்."

பையன் என்ற அந்தச் சொல்லைச் சபாபதியால் பொறுக்க முடியவில்லை. கோயம்புத்தூருக்குப் பயிற்சிக்குப் போனார். மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒரு பெட்டிக்குள் கிடந்த பட்டாணிகளை நீள இடுக்கியால் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றினார். பட்டாணி நழுவி விழும்போதெல்லாம் பக்கத்து மேஜைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். திரும்பி வந்து பித்தப்பை, குடல்வால் என்று சில மாதம் பழகிக்கொண்ட பிறகு, இதோ, குடல்.

சரியாக வரவில்லை. இடுக்கிக்கு ஒன்றும் தெரியாது. மெத்தென்று இருக்கிறதா, கல்லாக இருக்கிறதா, உள்ளே ரத்தம் துடிக்கிறதா, எதையும் அது கைக்குச் சொல்லாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சோற்றைப் பிசையச் சொன்னது போலத் திணறினார். குடலைத் தாங்கும் கொழுப்புத் திரையைத் தூக்கிப் பிடித்தால்தான் அதற்குப் பின்னால் ஓடும் சிறுநீர்க்குழாய் தெரியும். தெரியாமல் கத்தரித்தால் வந்தது வினை. தூக்க முடியவில்லை. வழுக்கிக்கொண்டே போனது.

"சார், ரொம்ப நேரம் ஆவுது," என்றார் மயக்க மருத்துவர் ஷஹனாஸ், தலைமாட்டிலிருந்து. "ஓப்பன் பண்ணிடலாமே?"

கதவுக் கண்ணாடியில் ஸ்ரீதரின் முகம் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தது. பாண்டிச்சேரிக்குத்தான் பேசுகிறான் என்று நினைத்தார் சபாபதி.

அப்போதுதான் அது நடந்தது. திரையின் இடது ஓரத்தில் அந்தக் கொழுப்புத் திரை மெல்ல எழும்பியது. ஜன்னல் துணியை ஒதுக்குவது போல, அவசரமே இல்லாமல், எவ்வளவு இழுக்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் இழுபட்டு விறைப்பாக நின்றது. பின்னால் சிறுநீர்க்குழாய் வெள்ளை நூலாகப் பளிச்சென்று தெரிந்தது. புத்தகத்தில் வரைந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வராது.

சபாபதி யோசிக்கவில்லை. வெட்டினார். வெட்ட வேண்டிய இடமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வந்து நின்றது.

கேமராவைப் பிடித்திருந்த உதவி சர்ஜன் அஃப்சல் திரையின் இடது ஓரத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார். "சார், லெஃப்ட் சைடுல யாரு புடிச்சிருக்கா?"

அஃப்சலின் இடுக்கி எப்போதோ வெளியே வந்துவிட்டது. சபாபதியின் இரண்டு கருவிகளும் திரையில் வலது பக்கம் இருந்தன.

"நான்தான். நீ கேமராவ ஆட்டாம புடி."

ஆபரேஷன் முடிந்து கையுறையைக் கழற்றிக் கை கழுவியபோது தண்ணீர் சத்தம் கேட்டது, கையில் படுவது தெரியவில்லை. குழாயைத் திறந்துதான் இருக்கிறோமா என்று குனிந்து பார்த்தார். விரல்களுக்கு நடுவில் நீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் இடுக்கியைப் பிடித்ததில் மரத்துப்போயிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வெளியே ஸ்ரீதர் முதுகில் தட்டினார். "கலக்கிட்டீங்க மாமா!" கசப்பு போய், பல வருஷத்துக்கு அப்புறம் சபாபதிக்கு நெஞ்சில் இனிப்பாக ஏதோ ஊறியது.

மறுநாள் சாயங்காலம் மனைவி தமிழ்ச்செல்வி காபி கொடுத்தாள். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். திடீரென்று அவள் டம்ளரைப் பிடுங்கினாள்.

"கொதிக்கக் கொதிக்கக் குடுத்தேன், அப்படியே புடிச்சிக்கிட்டு இருக்கிறீங்களே! பாருங்க கைய."

பார்த்தார். விரல் நுனிகளில் கொப்புளம் கண்டிருந்தது. வலி இல்லை. அடுத்தவர் கையைப் பார்ப்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சர்க்கரை பார்த்தார், சரியாக இருந்தது. சென்னைக்குப் போய் நரம்புப் பரிசோதனை செய்துகொண்டார். "நரம்பு எல்லாம் நல்லாத்தான் சார் வேலை செய்யுது," என்றார் அங்கிருந்த நிபுணர். ஊசியால் குத்தியபோது சபாபதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், குத்தியது தெரியவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பார்த்துத்தான் போட முடிந்தது. சாப்பிடும்போது சோற்றைக் கண்ணால் அளந்து எடுத்தார். இருட்டில் தன் கை எங்கே கிடக்கிறது என்றே தெரியாது.

அதை யாரிடமும் சொல்லவில்லை. துளை ஆபரேஷனுக்கு விரலில் உணர்ச்சி எதற்கு? கண் போதும். அப்புறம், உள்ளே உதவிக்கு...

அதற்குமேல் நினைக்க மாட்டார்.

சிங்காரம் தையல் பிரிக்க வந்தார். ஆள் தெம்பாக இருந்தார். போகும்போது வாசலில் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் சார். வயித்துக்குள்ள ஏதாச்சும் வச்சிருக்கிறீங்களா?"

"ஒண்ணும் வைக்கல. ஏன்?"

"வலியெல்லாம் இல்ல. சாப்ட்டுட்டுப் படுத்தா, உள்ளாற யாரோ தடவிப் பாக்குற மாதிரி இருக்குது சார். இப்டி, சுத்தி வந்து, சுத்தி வந்து." அவர் தன் வயிற்றின் மேல் உள்ளங்கையை வட்டமாக ஓட்டிக் காட்டினார். "கடலுக்குப் போனா வலையில மீன் இருக்குதான்னு கயித்தத் தொட்டுப் பாப்போமே, அதுமாதிரி."

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. "போகப் போகச் சரியாயிடும்" என்று அனுப்பினார்.

அடுத்த கேஸ் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த மலிகா. மகன் குவைத்தில் இருந்தான். போனில் அழுது தீர்த்தான். குடலில் அடைப்பு, கட்டி. மறுபடியும் இருட்டு. மறுபடியும் திரை. கேமரா உள்ளே நுழைந்ததுமே குடல் சுருள்கள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி அடுக்கப்பட்டு, வேலை செய்ய வேண்டிய இடம் தயாராகத் திறந்திருந்தது. யாரோ முன்னாலேயே வந்து காத்திருந்தது போல.

அஃப்சல் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. சபாபதி கருவியை உள்ளே விட்டார். வேலை செய்தார். இந்த முறை வேகமாக, சுலபமாக. ஒரு கட்டத்தில் கட்டியுள்ள பகுதியைத் தூக்க வேண்டியிருந்தது. அது எழும்பியது. அவர் கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோகச் சொன்னார்.

ஏன் சொன்னோம் என்று பிறகு எத்தனையோ தடவை நொந்துகொண்டார்.

தூக்கி நின்ற குடலின் மேல் பள்ளங்கள் விழுந்திருந்தன. மெத்தையை அழுத்தினால் விழுமே, அதுபோல. பள்ளத்தில் சதை வெளுத்திருந்தது. இந்தப் பக்கம் பெரிதாக ஒன்று. அந்தப் பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னதாக. விரல்கள். கட்டைவிரலும் மற்ற விரல்களும். சுண்டுவிரலுக்கான இடத்தில் மட்டும் பள்ளம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் கபடி ஆடும்போது சபாபதியின் வலது சுண்டுவிரல் முறிந்து, கோணலாகவே ஒட்டிக்கொண்டது. எதைப் பிடித்தாலும் அது மட்டும் படியாது. டீ கிளாஸைப் பிடித்தாலும், கத்தியைப் பிடித்தாலும், தனியாக விலகி நிற்கும்.

அவர் இடுக்கியைப் பிடித்திருந்த தன் கையைக் குனிந்து பார்த்தார். சுண்டுவிரல் விலகி நின்றது.

திரையைப் பார்த்தார்.

பிடித்திருக்கும் அழகு அவருடையது. எங்கே அழுத்தம் கொடுப்பது, எங்கே விடுவது, எந்தச் சாய்வில் திருப்புவது, எல்லாமே அவர் வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துக் கற்ற பழக்கம். இந்த ஊரில் அப்படிக் குடலைப் பிடிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

கேஸ் இயந்திரம் ஊதியது. நின்றது. ஊதியது.

"சார்," என்றார் அஃப்சல். "இது என்னா சார்?"

"வேலையப் பாரு."

மலிகா நன்றாகத் தேறி வீட்டுக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்ரீதர் பெரிய பேனர் வைத்தார். அதில் சபாபதி கைகட்டிக்கொண்டு சிரித்தார். பாண்டிச்சேரி பஸ் ஏறியவர்கள் இங்கே இறங்கி ஆபரேஷனுக்குத் தேதி கேட்க ஆரம்பித்தார்கள். முன்பு தலையாட்டாமல் போன மருத்துவர்கள் கல்யாண வீடுகளில் தேடி வந்து பேசினார்கள். அவர்கள் கை நீட்டும்போது, நீட்டிய கையைத் தான் பிடித்துவிட்டோமா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பாராட்டெல்லாம் காதில் விழுந்தது. வாயில் வேப்பங்காயாகக் கசந்தது. அவர்கள் புகழ்வது யாரை?

ஒருநாள் சிங்காரம் மீன் கொண்டுவந்து கொடுத்தார். "இப்ப அந்தத் தடவுறது இல்ல சார். சுத்தமா நின்னுடுச்சு." எப்போது நின்றது என்று சபாபதி கேட்டார். சிங்காரம் யோசித்து ஒரு கிழமையைச் சொன்னார். மலிகாவை மேஜையில் ஏற்றிய நாள் அது.

அன்று சாயங்காலமே மலிகா போன் செய்தார். "டாக்டர், வவுத்துக்குள்ள கை வச்சிருக்கிற மாதிரி இருக்குது. தொழும்போது குனிஞ்சா புடிச்சிக்குது. நான் யாருகிட்டயும் சொல்லல, பைத்தியம்னுடுவாங்க."

சபாபதி போனை வைத்துவிட்டு மேஜையில் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடையில் விற்கும் பொம்மைக் கையைப் போலக் கிடந்தன. சும்மா இருக்கும் கை எத்தனை நாள்தான் சும்மா இருக்கும்? வேலை இருக்கும் இடத்துக்குப் போய்விட்டது. ஒரு வயிற்றில் கேமரா நுழைந்தால், பழைய வயிற்றை விட்டுவிட்டு அங்கே போய்விடுகிறது. அப்படியென்றால் என்றைக்காவது தானே அதைத் தேடி உள்ளே போனால் என்ன? பழையபடி, திறந்து, கையை விட்டு. திரும்பக் கிடைத்துவிடாதா?

அந்த நினைப்பு வந்த வாரத்திலேயே சிதம்பரத்திலிருந்து அக்கா பட்டம்மாள் கூப்பிட்டாள்.

பட்டம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் போன பிறகு வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாக இருந்தாள். குரல் மட்டும் இன்னும் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பது போலக் கணீரென்று இருக்கும். அன்று அந்தக் குரல் தேய்ந்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்றாள். சபாபதி காரை எடுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கை அதில் இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் ஒரு லாரி ஒலியெழுப்பிக்கொண்டு உரசிப் போனது.

டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், வலது அடிவயிற்றில் கட்டி.

"சென்னைக்குப் போயிடலாம்கா. பெரிய எடம், நல்லாப் பாப்பாங்க."

"எதுக்கு? நீ எதுக்கு இருக்கிற?" பட்டம்மாள் கட்டிலில் சாய்ந்தபடியே முறைத்தாள். "உன் கையத் தவிர வேற எவன் கையும் என் வயித்துல படக்கூடாது. இந்த ஓட்டை போடுற வேலையும் எனக்கு வேணாம். பேனர் வச்சிருக்கிறியாமே, வெக்கமாயில்ல? கைய வச்சிப் பண்ணுடா."

அவர் தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். "சரிக்கா," என்றார்.

அக்காவுக்காகச் சொன்ன சரி அல்ல அது. அது அவருக்கே தெரிந்திருந்தது. தெரிந்தேதான் சொன்னார்.

"சொந்த அக்காவ நீங்களே பண்றது நல்லதில்ல சார்," என்றார் ஷஹனாஸ். "அதுவும் ஓப்பன் சர்ஜரி பண்ணி நாளாச்சு." சபாபதி தேதி குறித்தார். அன்று கேமரா இல்லை, திரை இல்லை. பெரிய விளக்கு முழு வெளிச்சத்தோடு எரிந்தது. பட்டம்மாள் மயங்கியதும், அவர் கண்ணால் அளந்து, கண்ணாலேயே கத்தியைப் பிடித்து, பழைய கோட்டைப் போட்டார். அஃப்சல் ஓரங்களை விரித்துப் பிடித்தார். ரத்தத்தின் இரும்பு வாடையும் உடம்புச் சூட்டின் ஆவியும் எழுந்தன. பழகிய வாடை. இளம்வயதில் விட்டுப்போய்த் திரும்பி வந்த ஊரைப் போல.

வலது கையை உள்ளே விட்டார்.

ஒன்றுமில்லை. பஞ்சுக்குள் விட்டது போல ஒன்றுமே இல்லை. கண்ணீர் முட்டியது. மணிக்கட்டு வரை போனது. இன்னும் கொஞ்சம்.

அப்போது சூடு தெரிந்தது.

முதலில் விரல் நுனியில். பிறகு உள்ளங்கை முழுக்க. ஈரம். வழவழப்பு. மெல்லிய ரத்தக்குழாய்களின் குறுகுறுப்பு. மாதக்கணக்கில் செத்துக் கிடந்த கை ஒரே கணத்தில் விழித்துக்கொண்டது. சபாபதி முகமூடிக்குள் வாயைத் திறந்து அழுதார். கிடைத்துவிட்டது. அவருடையது. அவருக்கே திரும்பக் கிடைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மெல்ல நகர்த்தினார். கட்டி எங்கே என்று தேடினார்.

மெத்தென்று, கனமாக, ஓரம் மட்டும் கூராக ஏதோ தட்டுப்பட்டது.

கல்லீரல்.

கண்ணைத் திறந்தார். அவருடைய கை அடிவயிற்றின் வலது ஓரத்தில், கட்டியின் மேல் இருந்தது. நன்றாகத் தெரிந்தது. கல்லீரல் அங்கே இல்லை. ஒரு சாண் மேலே இருந்தது.

விரல்கள் இரைப்பையை உணர்ந்தன. தாண்டின. மூச்சோடு ஏறி இறங்கும் அந்தத் தசைத்திரையை உணர்ந்தன, வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் திரையை. அவருடைய கை அசையவில்லை. கட்டியின் மேலேயே கிடந்தது. ஆனால் மேலே, அக்காவின் உடம்புக்குள் இருட்டில், ஏதோ ஒரு கை தசைத்திரையைத் தடவிக்கொண்டே போனது. வழி தேடியது. கண்டுபிடித்தது. அந்தப் பக்கம் போனது.

துடிப்பு.

உள்ளங்கை நிறைய. கைக்குள் அடங்கிய குருவியைப் போல. திமிறித் திமிறித் துடித்தது.

"வேணாம்," என்றார் சபாபதி.

"சார்?"

கையை வெடுக்கென்று வெளியே இழுத்தார். இரண்டு கைகளையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ரத்தம் முழங்கை வரை வழிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். வெறும் கைகள். காலியான கைகள்.

துடிப்பு போகவில்லை. வலது உள்ளங்கையில், வெறும் காற்றில், அக்காவின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

பயத்தில் விரல்கள் லேசாக மடங்கின.

"பல்ஸ் எறங்குது!" ஷஹனாஸ் எழுந்தார். "பிரஷர் போவுது... சார், என்னா பண்ணீங்க?"

விரல்களை விரித்தார். முடிந்தவரை விரித்தார்.

"வந்துடுச்சு. நார்மலாயிடுச்சு." ஷஹனாஸ் இயந்திரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னா சார் இது?"

"அஃப்சல், நீ பண்ணு," என்றார் சபாபதி. விரல்களை விரித்தபடியே பின்னுக்கு நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றார். "கட்டிய எடுத்துட்டு மூடு. நல்லாப் பண்ணுவ நீ. என்னயக் கேக்காத. என்கிட்ட எதயும் குடுக்காத."

அஃப்சல் நல்லபடியாகவே செய்தார்.

பட்டம்மாளை ஐ.சி.யூவுக்குக் கொண்டுவந்தார்கள். சபாபதி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். கைகளை மடியில் மல்லாத்தி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டார். கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவரைப் போல. இடது கை செத்துக்கிடந்தது. வலது கையில் அக்கா துடித்தாள். தலைக்குமேல் மானிட்டரில் பச்சைக்கோடு எழுந்து விழுந்தது. ஒவ்வொரு எழுச்சியும் முதலில் அவர் உள்ளங்கையில் தெரிந்து, பிறகுதான் திரையில் தெரிந்தது. தமிழ்ச்செல்வி சாப்பாடு கொண்டுவந்தாள், தொடவில்லை. அவள் ஊட்டிவிட்டாள். ஏன் என்று கேட்டாள். அவர் மானிட்டரையே பார்த்தார்.

ஐ.சி.யூவில் பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. ஒரே குழல்விளக்கு, ஒரே டெட்டால் வாடை. விரல்களை விரித்தே வைத்திருந்ததில் முழங்கை வரை தசை வலிக்க ஆரம்பித்தது. மடக்கி நீட்டினால் போதும் போல இருந்தது. ஒரே ஒரு தடவை. மனிதனின் கை தளர்ந்தால் தானாக மடங்கும். தூங்கினால் மடங்கும். குழந்தை பிறக்கும்போதே மூடிக்கொண்டுதான் பிறக்கிறது. அவர் தூங்கவில்லை.

அடுத்த கேஸ் கம்மாபுரத்துக்காரர் ஒருவர், மேல்மாடி வார்டில் காத்திருந்தார். அவரை மேஜையில் ஏற்றினால் உள்ளே இருக்கும் கை அக்காவின் உடம்பை விட்டு அங்கே போய்விடும். முகம் தெரியாத ஒரு மனிதரை அக்காவுக்குப் பதிலாகக் கொடுப்பதைப் பற்றிச் சபாபதி யோசித்தார். கூச்சமில்லாமல் யோசித்தார். கொடுக்கத் தயாராகவே இருந்தார். ஆனால் அதற்குக் கருவியைப் பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டுமென்றால் விரல் மடங்க வேண்டும்.

உள்ளங்கையில் துடிப்பு சீராக வந்தது. அக்கா உதடு அசைத்தாள். "தம்பி," என்றாள், தூக்கத்தில். "நெஞ்சுல கைய வச்சிக்கிட்டு... எடுடா. கனக்குது."

"எடுத்துடறேன்கா," என்றார். "கொஞ்சம் பொறுத்துக்க."

பின்னால் கதவு திறந்த சத்தம் காதில் விழவில்லை. செண்ட் வாடைதான் முதலில் வந்தது. பிறகு குரல்.

"மாமா! இங்கயா உக்காந்திருக்கிறீங்க? அத்தன பேரும் உங்களத்தான் பேசுறாங்க. சொந்த அக்காவுக்கே கத்தி புடிக்கிற தைரியம் யாருக்கு வரும்?"

ஸ்ரீதர் முன்னால் வந்து குனிந்தார். முகமெல்லாம் சிரிப்பு. சபாபதி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். இத்தனை நேரம் விரித்தே வைத்திருந்த கை மரக்கட்டையாக விறைத்திருந்தது. அசையவில்லை. வாயைத் திறந்தார். வறண்ட தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"இந்தக் கைதான் மாமா நம்ம ஆஸ்பத்திரிக்குச் சாமி," என்றார் ஸ்ரீதர்.

சபாபதியின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் அள்ளிப் பிடித்து, விரல்களை ஒன்றுசேர்த்து மூடி, ஆசையோடு இறுக்கிக் குலுக்கினார்.

படுக்கையில் பட்டம்மாளின் கண்கள் திறந்தன. அவள் கூரையைப் பார்க்கவில்லை, ஸ்ரீதரைப் பார்க்கவில்லை. தம்பியை மட்டும், நேராக, இமைக்காமல் பார்த்தாள். ஸ்ரீதர் இன்னும் குலுக்கிக்கொண்டிருந்தார்.